எண்பதில் போன வண்டி

அத்தியாயம் 6

காவல் நிலையத்தின் பின்கட்டில் செத்த வண்டிகள் பதினேழு கிடந்தன. பதினெட்டாவது, யார்டு காவலாளியின் மோட்டார் பைக். அது இன்னும் சாகவில்லை. இழுத்துக்கொண்டிருந்தது.

காவலாளி உதைத்தார். பைக் இருமியது. புகை கக்கியது. அடங்கியது.

“அண்ணே, சொந்தக்காரங்களுக்கெல்லாம் தகவல் சொல்லிடுங்க. ரொம்ப நேரம் தாங்காது,” என்றேன்.

“ஒரு வாரமா இதே ரோதனை தம்பி. போன மாசம்தான் கார்புரேட்டரைக் கழுவினேன். கன்னுக்குட்டி மாதிரி ஓடிட்டிருந்துச்சு.”

நலியாகா மேடம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நீலநிற சுபாரு காரின் எதிரே கைகட்டி நின்றிருந்தார். பழக்கதோஷத்தில்தான் அதை வண்டி என்கிறேன். முன்பாதி இல்லை. பின்பாதியில் மட்டும் ஒரு கீறல் கூடக் கிடையாது. கார் சங்கத்தின் வட்ட ஸ்டிக்கர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

மேடம் இருபத்திரண்டு வருஷம் இந்த நெடுஞ்சாலையில் போக்குவரத்து சார்ஜென்டாக இருந்தவர். இப்போது நகுருவில் ஒரு மருந்துக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் ஒடேரோ, அவருடைய உதவியாள். அதற்கு முன் பதினோரு வருஷம் மட்டாட்டூ வேனின் கதவில் தொங்கிக்கொண்டு ஆள் கூவி ஏற்றியவன். வாயால் பிழைத்தவன். ஆகவே என் வாயை மூடச் சொல்வதே மேடத்துக்குப் பாதி வேலை.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, கில்கிலுக்கு முன்னால் வரும் ஏற்றத்தில், இந்த சுபாரு ஒரு லாரியைத் தாண்டப் போய் எதிரே வந்த பஸ்ஸில் மோதியது. ஓட்டியவன் முச்சிரி, இருபத்தெட்டு வயது, நைவாஷா மலர்ப்பண்ணையில் எலக்ட்ரீஷியன். அந்த இடத்திலேயே போய்விட்டான். இருநூறு மீட்டர் பின்னால் தன் காரில் வந்தவன் அவனுடைய சிநேகிதன் லெமாயன். அதே பண்ணையில்தான் அவனுக்கும் வேலை.

முச்சிரியின் அப்பா கிதோங்கா போலீஸில் புகார் கொடுத்தார். இரண்டு பேரும் பந்தயம் வைத்து ஓட்டினார்கள், என் பையனை வேகத்துக்குப் பழக்கிக் கொன்றவன் லெமாயன்தான் என்று. முச்சிரியின் போனில் ஒரு வீடியோ இருந்தது. வேகமுள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது. லெமாயனை உள்ளே வைத்தார்கள். நாளை திங்கட்கிழமை நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு படிக்கப் போகிறார்கள். பந்தயத்தைக் கண்ணால் பார்த்த ஒரு சாட்சியைத் தேடித் தரச் சொல்லித்தான் பெரியவர் எங்களிடம் வந்தார். ஆறு நாளாகத் தேடினோம். லாரி டிரைவரைக் கேட்டோம், பஸ்ஸில் வந்தவர்களைக் கேட்டோம். பந்தயத்தை யாரும் பார்க்கவில்லை.

லெமாயன் போலீஸில் எழுதிக் கொடுத்தது நாலே வரி. பந்தயம் இல்லை. முச்சிரி எண்பதுக்கு மேல் போகவில்லை. லாரியைத் தாண்டும்போது அவன் வண்டி தளர்ந்துவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியாது.

மேடத்துக்கு அந்த நாலாவது வரி பிடிக்கவில்லை. “ஏன்னு அவனை யாரும் கேக்கலை ஒடேரோ. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றவன் எதையோ மூடி வைக்கிறான்,” என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் சட்டென்று காவலாளியிடம் திரும்பினார்.

“ஒரு வாரமாவா பைக் இப்படி?”

“ஆமாம்மா.”

“இந்தக் கார் யார்டுக்கு வந்து ஒன்பது நாள்.”

காவலாளியின் கண் தானாகவே சுவரில் மாட்டியிருந்த ரப்பர் குழாய்க்குப் போய்விட்டு வந்தது.

“எத்தனை லிட்டர் இழுத்தீங்க?” என்றார் மேடம், சாதாரணமாக.

“செத்தவனுக்கு எதுக்கும்மா பெட்ரோல்?” அவர் குரல் கம்மியது. “சும்மா ஆவியாப் போறதை... பதினெட்டு லிட்டர். பைக்குக்கு ரெண்டு ஊத்தினேன். மீதி கேன்ல இருக்கு. இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிடாதீங்க.”

கேனைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

“மேடம், எங்க வீட்டு ஸ்டவ் பத்த வைக்கிறப்போ வர்ற வாசனை. பாதி மண்ணெண்ணெய்.”

மேடம் குறிப்பேட்டில் ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, விரலால் ஒரு சொட்டு வைத்து, வெயிலில் காட்டினார். சுத்தமான பெட்ரோல் என்றால் இருந்த இடம் தெரியாமல் காய்ந்துவிடும். இது காயவில்லை. தாளில் எண்ணெய் வளையமாகப் படர்ந்து நின்றது.

“பைக் சாகாம இருமிட்டு நிக்குது. கார் ஏத்தத்துல அதே இருமலை இருமியிருக்கு,” என்றார் மேடம். தாளை மடித்துப் பையில் வைத்தார். “எதிர்ல பஸ் வர்றப்போ.”

காவலாளி பைக்கை விட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

கிகோபேயில் ஞாயிறு மதியம் ஆட்டிறைச்சி வாட்டும் புகை சாலையையே மறைக்கும். முச்சிரியின் கார் சங்கம் வாராவாரம் கூடுவது அங்கேதான். பதினான்கு வண்டிகள் வரிசையாக நின்றன. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே ஒரு கார் அளவுக்கு இடம் காலி. எங்கள் பழைய கொரோலாவை அதில் நுழைக்கப் போனேன். மேடம் என் முழங்கையைத் தொட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தள்ளிப்போய் நிறுத்தினேன்.

மேஜையில் பேச்சு ஏற்கெனவே சூடாக இருந்தது. சங்கத் தலைவன் கிர்வா எல்டோரெட் பக்கத்து ஆள், கதவை அடைக்கிற தோள். எதிரே முக்காமி, புரோபாக்ஸ் வண்டியில் காய்கறி ஏற்றி நைரோபி சந்தைக்கு ஓட்டுகிறவள்.

“வேகம் யாரையும் கொன்னதில்லை மேடம்,” என்றான் கிர்வா, நாங்கள் உட்காருவதற்குள்ளேயே. “வேகமாப் போய் நிறுத்தத் தெரியாததுதான் கொல்லுது. நல்ல டயர், நல்ல பிரேக், நேர் ரோடு. நூத்தி அறுபது போனாலும் என் வண்டியில டீ சிந்தாது.”

“நூத்தி அறுபதுல ஒரு கழுதை குறுக்க வரும்,” என்றாள் முக்காமி. “அதுகிட்ட உன் டயர் எவ்வளவு உசத்தின்னு எடுத்துச் சொல்லுவியா?”

“நீ போறதில்லையா? முட்டைக்கோசை ஏத்திட்டு என்னையே தாண்டிப் போனவதானே நீ.”

“அது வயித்துப் பொழப்பு. அஞ்சு மணிக்குச் சந்தை கூடிடும். நைவாஷா வரைக்கும் போய் ஒரு காபி குடிச்சிட்டுத் திரும்புறவனுக்கு என்ன அவசரம்?”

பின்னால் லேண்ட் குரூசர்காரர் ஒருவர், டீசல் வண்டி வாங்கியிருந்தால் இந்தச் சண்டையே கிடையாது, நிதானமாகப் போகும், காலத்துக்கும் உழைக்கும் என்றார். டீசலில் போவதற்கு மாட்டு வண்டியில் போகலாம், சாணியாவது மிஞ்சும் என்று இன்னொருவர் சொன்னார்.

“எங்க கொரோலா எண்பதைத் தொட்டா கதவு நாலும் ஜெபம் சொல்ல ஆரம்பிச்சிடும்,” என்றேன்.

சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் அடங்கியும் போனார்கள்.

“முச்சிரி இதுல எந்தக் கட்சி?” என்று கேட்டார் மேடம்.

முக்காமி தட்டிலிருந்த உகாலிக் களியை விரலால் உருட்டினாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“அவன் தனிக் கட்சி. வேகத்தைப் பத்திப் பேசவே மாட்டான். எப்பப் பார்த்தாலும் பெட்ரோல்தான். நாங்க வச்ச பேரு பெட்ரோல் பாதிரியார். ஞாயித்துக்கிழமையானா பிரசங்கம். டர்போ எஞ்சினுக்குக் கண்டதையும் ஊத்தாதீங்கடா, நீங்க நம்பி அழுத்துற நேரத்துல அது கைவிட்டுடும்னு.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். உகாலியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

“விலை கூடின பெட்ரோல் மட்டும்தான்,” என்று கிர்வா தொடர்ந்தான். “லானெட்ல ஒரே ஒரு பங்க். அங்க செரோனோன்னு ஒரு பொண்ணு. வேற யாராவது குழாயைத் தூக்கினா டேங்க் மூடியையே திறக்க மாட்டான். வீட்டுல இதனாலதான் சண்டை. அவங்க அப்பா நாப்பது வருஷம் லாரி ஓட்டினவர். எரியுறதெல்லாம் எண்ணெய்தான், உன் காருக்கு மட்டும் என்ன வாசனைத் தைலமான்னு கேட்டிருக்கார். இவன் பதிலுக்கு என்னமோ சொல்லியிருக்கான். மூணு மாசமா அப்பாவும் பிள்ளையும் பேசிக்கலை.”

“அந்த நூத்தித் தொண்ணூறு வீடியோ?”

“அது போன டிசம்பர்ல, பழைய விமான ஓடுதளத்துல எடுத்தது. அனுமதி வாங்கி நடத்தினோம். ஓட்டினது நான். முச்சிரி பக்கத்துல உட்கார்ந்து படம் பிடிச்சான். லெமாயன் அன்னிக்கு வரவே இல்லை. போலீஸ்ல போய்ச் சொன்னேன். உன்னைக் கூப்பிடுறப்போ வான்னு அனுப்பிட்டாங்க.”

மேடம் அவனை நாளைக் காலை நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார். பிறகு, “கடைசியா அவர்கிட்டேயிருந்து சேதி ஏதாவது வந்துச்சா?” என்றார்.

முக்காமி போனை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். சங்கத்தின் குழுவுக்கு வியாழன் சாயங்காலம் அனுப்பிய குரல். இளசான, கொஞ்சம் மூக்கடைத்த குரல்.

‘மக்களே, சிவப்பு விளக்கு எரிஞ்சிடுச்சு. காலையில செரோனோகிட்டப் போய்த்தான் வயித்தை நிரப்பணும். நைவாஷா வரைக்கும் யாராவது வர்றீங்களா? பாட்டு நான்தான் போடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.’

கிர்வா எழுந்து, இறைச்சி வாட்டுகிற அடுப்புப் பக்கம் போய்ப் புகைக்குள் நின்றுகொண்டான்.

காரில் ஏறியதும் நான் கணக்கை முடித்துவிட்டேன். “வியாழக்கிழமை சாயங்காலம் டேங்க் காலி. வெள்ளிக்கிழமை செத்தப்போ பதினெட்டு லிட்டர். நடுவுல ஒரே பங்க், ஒரே பொண்ணு. பாதிரியாருக்கே தீர்த்தத்துல கலப்படம் பண்ணியிருக்கா மேடம்.”

“ஓட்டு,” என்றார் மேடம்.

லானெட் பங்கில் செரோனோ தனியாக இருந்தாள். முப்பது வயது இருக்கும். நீல மேலங்கி, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. நான் இறங்கும்போதே குரலை உயர்த்திவிட்டேன்.

“மண்ணெண்ணெய் கலந்து விக்கிறீங்களாமே. ஒரு உயிர் போயிருக்கு, தெரியுமா?”

அவள் குழாயை எடுத்து, மேடம் நீட்டிய வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டாள். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சொட்டு சுருங்கியது. மறைந்தது. தாள் பளிச்சென்று இருந்தது.

என் வாய் தானாக மூடிக்கொண்டது.

மேடம் பையிலிருந்து காலையில் மடித்து வைத்த தாளை எடுத்து விரித்தார். எண்ணெய் வளையம் இன்னும் இருந்தது. “இது முச்சிரியோட டேங்க்ல இருந்தது.”

செரோனோ அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பக்கத்திலிருந்த ஆயில் பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

“நான் சொன்னேன்,” என்றாள். “அவர் கேக்கலை.”

“அன்னிக்குக் காலையில வந்தாரா?”

“ஆறு மணிக்கு வந்தார். மூடியைத் திறந்து குழாயைத் தூக்கினேன். ‘இரு இரு’ன்னார். உள்ள முள்ளைப் பார்த்துட்டு அப்படியே நிக்கிறார். ராத்திரி சிவப்பு விளக்கு எரிஞ்ச வண்டி, முள்ளு பாதியில நிக்குது. எனக்கு மூடியைத் திறந்ததுமே வாடை அடிச்சிடுச்சு. ரோட்டோரம் கேன்ல விக்கிற சரக்கு சார் இது, யாரு ஊத்தினதுன்னு கேட்டேன். அவர் சிரிக்கிறார். கண்ணுல தண்ணி வேற. ‘அப்பா வேலை செரோனோ’ன்னார்.”

மேடம் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“பத்து நிமிஷத்துல எல்லாத்தையும் இறக்கிடலாம்னேன். கெஞ்சினேன்னே வச்சுக்குங்க. ‘எங்கப்பா ஊத்தினதை நான் தரையில ஊத்த மாட்டேன். இன்னிக்கு ஒரு நாள் மெதுவாப் போறேன். எண்பதுல போனா இந்த எஞ்சின் கோவிச்சுக்காது’ன்னார். அவர் பெட்ரோல் பத்திச் சொன்னா நான் தப்புன்னு நெனைக்க மாட்டேன் மேடம். அவருக்குத் தெரியாததா? விட்டுட்டேன். என்னை யாரும் வந்து கேக்கலை. நானும்...” அவள் தலைத்துணியை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

“கிளம்புறதுக்கு முன்னாடி வேற ஏதாவது?”

“போன் பண்ணினார். லெமாயா, லெமாயான்னு யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினார். குழந்தை மாதிரி.”

மேடம் தாளை மடித்தார். நாலாவது வரி எனக்கு அப்போதுதான் புரிந்தது.

காவல் நிலையத்தில் மேடத்தோடு பழைய பழக்கம் உள்ள ஒரு கான்ஸ்டபிள் லெமாயனைக் கம்பிக் கதவருகே கூட்டிவந்தான். நெட்டையான பையன், ஒன்பது நாளில் சட்டை தொளதொளத்துவிட்டது. பெல்ட்டை வாங்கி வைத்திருந்ததால் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வண்டி ஏன் தளர்ந்துச்சுன்னு உனக்குத் தெரியும்,” என்றார் மேடம்.

“தெரியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன் மேடம்.”

“செரோனோவைப் பார்த்துட்டுதான் வர்றேன்.”

அவன் முகம் மாறியது. பிடித்திருந்த கை தளர்ந்து, மறுபடி இறுக்கிக்கொண்டது.

“அந்தப் பெரியவர்கிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்லை.”

“சொல்லாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். நான் உள்ள போனா சில வருஷத்துல வெளிய வந்துடுவேன். என் மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும், அது போதும்.”

“உங்க வீட்டுல?”

“அம்மா அழுவாங்க. அண்ணன் பார்த்துப்பான். முச்சிரி அப்பாவுக்கு யாரு இருக்கா? பொண்டாட்டி இல்லை. இருந்த ஒரே பிள்ளையும் போயிட்டான். என்னைத் திட்டிக்கிட்டாவது அந்த மனுஷன் காலையில எழுந்திருக்கார் மேடம். என்னை எடுத்துட்டா, அப்புறம் அவர் யாரைத் திட்டுவார்?”

ஒரு வேனில் எத்தனையோ விதமான ஆட்களோடு பதினோரு வருஷம் மல்லுக்கட்டியவன் நான். எவனுக்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். அவன் முன்னால் நிற்க முடியாமல் முதலில் வெளியே வந்தவன் நான்தான்.

வெளியே வந்ததும் மேடத்தை மறித்து நின்றேன். “விட்டுடலாம் மேடம். கிர்வா வந்து வீடியோ பத்திச் சொன்னாலே வழக்கு பாதி செத்துடும். பெட்ரோலைப் பத்தி நாம வாயைத் திறக்க வேணாம்.”

“மீதிப் பாதி? லெமாயன்தான் பின்னால விரட்டினான்னு பெரியவர் நாளைக்குக் கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணுவார். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா. ஜட்ஜ் யாரை நம்புவார்?”

“அதுக்காக அவர்கிட்டப் போயி, நீங்கதான் கொன்னீங்கன்னு சொல்லப் போறீங்களா?”

மேடம் சாலைப் பக்கம் திரும்பினார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“ரோடு ஒரு பையனை எடுத்துக்கிச்சு ஒடேரோ. இன்னொருத்தனை நாமளே தூக்கிக் கொடுக்கறதா?” என்றார். “நான் எதையும் சொல்லப் போறதில்லை. ஒரே ஒரு கேள்வி கேக்கப் போறேன்.”

கிதோங்கா வீட்டில் தேநீர் அடுப்பில் இருந்தது. எழுபது வயது, லாரி ஓட்டிக் காய்த்துப்போன அகலமான கைகள். எங்களைக் கண்டதும் இன்னும் இரண்டு கோப்பைகளை எடுத்துக் கழுவினார். சுவரோரம் முச்சிரியின் வேலைச் சட்டைகள் துவைத்து மடித்து அடுக்கியிருந்தன.

“சாட்சி கிடைச்சிடுச்சாம்மா?”

“அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் பெரியவரே. வெள்ளிக்கிழமை காலையில முச்சிரி வண்டிக்கு எண்ணெய் ஊத்தினது யாரு?”

“நான்தான்.” அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை கூட இருந்தது. “அவனுக்குத் தெரியாது. வியாழக்கிழமை சாயங்காலம் போன்ல பேசினது காதுல விழுந்துச்சு, டேங்க் காலின்னு. லாரி நிறுத்தத்துல எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் கேன்ல விக்கிறான். என்கூட முப்பது வருஷம் ஓட்டினவன். இருபது லிட்டர் வாங்கிட்டு வந்து, விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஊத்திட்டு, சத்தம் காட்டாம வந்து படுத்துட்டேன்.”

பெரியவர் கழுவிய கோப்பையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“மூணு மாசமா பேச்சு இல்லம்மா. எனக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியாது. எங்கப்பாவும் கேட்டதில்லை. சரி, சாயங்காலம் வந்து ஏன் கண்டதையும் ஊத்தினேன்னு சண்டைக்காவது வருவான்னு நெனச்சேன். சண்டை போட்டாலும் பேச்சுதானே.”

அவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். மேடம் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. துடைத்த கை நின்றது.

நாற்பது வருஷம் எஞ்சினோடு வாழ்ந்தவர். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“ஏத்தம்,” என்றார். “லாரியைத் தாண்டணும்னா காலை முழுசா அழுத்தணும்.” அவர் வலது கால் தரையை அழுத்தியது. “அழுத்தியிருக்கான். இழுக்கலை.”

தேநீர் பொங்கி வழிந்து அடுப்பில் புகைந்தது. நான் போய் அணைத்தேன்.

“பெட்ரோல்னுதான் சொன்னான்,” என்றார் பெரியவர், என்னைப் பார்த்து. நான்தான் அதை நம்ப வேண்டும் என்பது போல. “முப்பது வருஷம் என்கூட ஓட்டினவன்.”

“தெரியும் பெரியவரே,” என்றேன்.

“அவன் பார்த்தானா? ஊத்தியிருக்கறதை?”

“பார்த்தார்,” என்றார் மேடம். “பங்க்ல அந்தப் பொண்ணு இறக்கிடலாம்னு சொல்லியிருக்கா. அப்பா ஊத்தினதைத் தரையில ஊத்த மாட்டேன்னு சொல்லிட்டு, எண்பதுல போயிருக்கார். பந்தயம் எதுவும் இல்லை.”

கிதோங்கா உட்கார்ந்தார். அடுக்கியிருந்த சட்டைகளில் மேலே இருந்ததன் காலரை விரலால் நீவினார். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

“லெமாயனுக்கு இது தெரியுமா?”

மேடம் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்தது அன்றுதான்.

“தெரியும். முச்சிரி போன்ல சொல்லியிருக்கார்.”

“ஒன்பது நாளாவா?”

“ஒன்பது நாளா.”

பெரியவர் எழுந்தார். கோட்டைத் தேடினார், அது கதவில் கண்ணுக்கெதிரே தொங்கியது, ஆனால் அவருக்குத் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். கை நுழையவில்லை. பிடித்து நுழைத்துவிட்டேன்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுப் பேனாவை மேஜையில் வைத்தார்.

“பெரியவரே, இதுல உங்க மேல குற்றம் ஒண்ணும் இல்லை. கலப்படம் பண்ணி வித்தவனைத்தான் பிடிக்கணும்.”

“அவன் பேரையும் சொல்றேன். முதல்ல என் பேரை எழுதுங்க. நான் ஊத்தினேன்னு எழுதுங்க. அந்தப் பையன் மேல நான் கொடுத்த புகார் பொய்னு எழுதுங்க.”

எழுதினார்கள். பெரியவர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வழக்கை நாளை நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம், பையனை இப்போதே பிணையில் விடுகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர்.

லெமாயன் வெளியே வந்தபோது முதலில் மேடத்தைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. மேடம் அதை நின்று வாங்கிக்கொண்டார்.

பிறகு அவன் பெரியவரைப் பார்த்தான். வாசல் படியில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

“அப்பா, அது உங்க தப்பு இல்லை,” என்றான்.

கிதோங்கா அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர். இப்போதும் அது வரவில்லை.

“போன்ல அவன் என்ன சொன்னான்?” என்றார். “அவன் சொன்னபடியே சொல்லு. ஒரு வார்த்தை விடாம.”

லெமாயன் மேடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“சிரிச்சிட்டே இருந்தான்பா. என்னடான்னேன். ‘லெமாயா, முள்ளு பாதியில நிக்குதுடா. எங்கப்பா எங்கூடப் பேசிட்டாருடா’ன்னான்.”

பெரியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிடித்த சட்டையை விடவில்லை. அவனும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று.

“இன்னொரு தடவை சொல்லு,” என்றார்.

லெமாயன் இன்னொரு தடவை சொன்னான்.